ஒரு புள்ளியியல் புத்தகம் விலையைத் தொலைத்த கதை

2008-இல் கலிஃபோர்னியாவில் ஓர் அறக்கட்டளை ஒரு கல்லூரிப் பாடநூலின் பதிப்புரிமையை விலைகொடுத்து வாங்கியது. பதிப்பகம் நடத்தும் யோசனை அதற்கு இல்லை. இனி எந்த மாணவரும் அந்தப் புத்தகத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே வாங்கியது. புத்தகத்தின் பெயர் ‘கொலாபரேட்டிவ் ஸ்டாடிஸ்டிக்ஸ்’. எழுதியவர்கள் பார்பரா இலோவ்ஸ்கி, சூசன் டீன் என்ற இரண்டு பேராசிரியைகள். திறந்த பாடநூல் கல்லூரிக்கு நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை மேடையில் எத்தனை முறை கேட்டாலும் தெளிவு பிறப்பதில்லை. இந்த ஒரு புத்தகம் போன வழியைப் பின்தொடர்ந்தால் கொஞ்சம் பிறக்கிறது.

அது பிறந்த இடம் கூப்பர்டினோ ஊரிலுள்ள டி ஆன்சா கல்லூரி. ஊரின் பெயர் ஆப்பிள் கம்பெனியால் உலகுக்குத் தெரியும். 1984 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மெக்கின்டாஷைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியதே இந்தக் கல்லூரியின் அரங்கில்தான். ஆனால் டி ஆன்சா ஒரு சமுதாயக் கல்லூரி. பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருபவர்கள், பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வருபவர்கள், இரண்டு வருடம் இங்கே குறைந்த செலவில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்பவர்கள் என்று பலதரப்பட்ட கூட்டம். நர்சிங், உளவியல், வணிகம் என எந்தப் பக்கம் போனாலும் புள்ளியியலில் ஒரு பேப்பர் தேறியாக வேண்டும். கணக்கென்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒரு காலாண்டுக்குள் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதற்கென்றே பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தி நடத்தி வளர்ந்த புத்தகம் அது. பதின்மூன்று அத்தியாயங்கள். தேற்ற நிரூபணங்கள் குறைவு. பெயருக்கேற்றபடி, நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து தரவு திரட்டி, வரைந்து, வாதாடிச் செய்யும் பயிற்சிகள் நிறைய. பின்னிணைப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனை இரண்டரை மைல் சுற்று ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் விநாடிக் கணக்கில் பட்டியலாக இருக்கிறது. வகுப்புக்கென்று சமைத்த எண்களில் அந்த உயிர் வராது. எனக்கு இந்தப் புத்தகத்தில் ஒட்டுதல் உண்டானது அந்தப் பட்டியலால்தான்.

இதை ஏன் ஒருவர் விலையிலிருந்து விடுவிக்க நினைத்தார்? அப்போது கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் கட்டணம் யூனிட்டுக்கு 20 டாலர். நான்கு யூனிட் பாடத்துக்கு 80 டாலர் கட்டிச் சேரும் மாணவர், அதே பாடத்தின் வணிகப் பாடநூலை வாங்கப் போனால் விலை நூறைத் தாண்டி நிற்கும். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2005-இல் கணக்கெடுத்துப் பார்த்தபோது, 1986 கடைசியிலிருந்து 2004 கடைசிக்குள் கல்லூரிப் பாடநூல் விலை 186 சதவீதம் ஏறியிருந்தது. இரண்டாண்டு அரசுக் கல்லூரிகளில் புத்தகச் செலவு கல்விக் கட்டணத்தில் 72 சதவீதம் வரை போயிருந்தது.

காரணம் எளியது. புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். காசு கொடுப்பவர் மாணவர். மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர் மருந்தின் விலையைப் பார்க்காத மாதிரிதான். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பயிற்சிக் கணக்குகளின் வரிசையை மாற்றிப் புதுப் பதிப்பு போட்டால், பழைய புத்தகக் கடையில் இருக்கும் பிரதிகள் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடும்.

நம் ஊர் வாசகருக்கு இது முழுதாக உறைக்காமல் போகலாம். அதே வெளிநாட்டுப் பாடநூல் இங்கே மெலிந்த தாளில், இந்தத் துணைக்கண்டத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்ற முத்திரையோடு, குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அந்த விலை வித்தியாசத்தில் ஒருவர் வியாபாரமே செய்தார். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சுபாப் கிர்ட்செங், ஊரில் இருந்த உறவினர்களை மலிவுப் பதிப்புகளை வாங்கி அனுப்பச் சொல்லி அங்கே விற்றார். வைலி நிறுவனம் வழக்குப் போட்டது. கீழ்நீதிமன்றத்தில் 6 லட்சம் டாலர் கட்டச் சொன்னார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நமக்கு மலிவுப் பதிப்பும் கட்டுப்படியாகாவிட்டால் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கிலும் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கடைப் பக்கம்தான் நின்றது. ஆக, இங்கே புத்தகம் இலவசமானது இயந்திரத்தின் வழியாக. அங்கே உரிமப் பத்திரத்தின் வழியாக.

கூப்பர்டினோவுக்குத் திரும்புவோம். வாங்கிய அறக்கட்டளையின் பின்னால் இருந்தவர் ராபர்ட் மேக்ஸ்ஃபீல்ட். சிலிக்கான் பள்ளத்தாக்கில் ரோல்ம் என்ற கம்பெனியைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். நால்வரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயரில் கடைசி எழுத்து இவருடையது. நால்வருமே ஹ்யூஸ்டன் நகரத்து ரைஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். புத்தகம் கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குப் போன வழி இப்படித்தான் திறந்தது.

ரைஸில் மின்பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் பரானியுக் 1999-இல் கனெக்ஷன்ஸ் என்ற இணையக் களஞ்சியத்தைத் தொடங்கியிருந்தார். புத்தகம் என்ற கட்டுமானத்தையே அவர் நம்பவில்லை. அட்டை இரண்டையும் கழற்றிவிட்டு, பாடத்தைச் சின்னச் சின்ன அலகுகளாக உடைத்து வைத்தால், உலகில் எந்த ஆசிரியரும் வேண்டிய அலகை எடுத்து, மாற்றி, தன் வகுப்புக்கேற்ற புத்தகத்தைத் தானே கோத்துக்கொள்ளலாம் என்பது அவர் கனவு. 2001-இல் எம்ஐடி தன் பாடங்களை இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்தது. 2002 ஜூலையில் பாரிஸில் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் பிறந்தது. அதே வருடக் கடைசியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தன. படிக்கலாம், பகிரலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், மூல ஆசிரியரின் பெயரை மட்டும் சொல்லிவிட வேண்டும் என்பது அவற்றில் மிகவும் தாராளமான உரிமம். இலோவ்ஸ்கி–டீன் புத்தகம் அந்த உரிமத்தோடு கனெக்ஷன்ஸில் ஏறியது. தொகுப்பு எண் 10522.

ஏறிய புத்தகத்துக்குக் குட்டிகள் பிறந்தன. மூலப் புத்தகம் டிஐ-83, டிஐ-84 கால்குலேட்டரை நம்பி எழுதப்பட்டது. எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்றுகூட இருக்கும். புத்தகத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, நூறு டாலரைத் தொடும் கால்குலேட்டரை வாங்கச் சொன்னால் அது என்ன இலவசம்? யாரோ சிலருக்கு அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். கால்குலேட்டரை எடுத்துவிட்டு விரிதாளை வைத்த ஒரு வடிவம் கனெக்ஷன்ஸிலேயே வெளிவந்தது. வணிகப் பாடநூலில் இப்படி ஒரு திருத்தம் வேண்டுமென்றால் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் பரானியுக்கின் கனவு அதற்குமேல் பெரிதாகப் பலிக்கவில்லை. பெரும்பாலான ஆசிரியர்கள் அலகு அலகாகக் கோக்கும் வேலையில் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பகுதிநேரக்காரர்கள். நம் அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர்களைப் போல, நடத்தும் வகுப்புக்குக் கூலி வாங்கிக்கொண்டு, சிலர் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஓடுபவர்கள். அடுத்த பருவத்தில் இந்தப் பாடம் தனக்குத்தான் வருமா என்றே தெரியாதவரிடம் ‘புத்தகத்தை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள்’ என்பது சலுகை போலத் தெரியும் ஒரு சுமை. அவருக்கு வேண்டியது முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒழுங்காக இருக்கும், தேர்வுக் கேள்விகளும் ஸ்லைடுகளும் கூடவே வரும் ஒரு புத்தகம். வணிகப் பதிப்பகங்கள் விற்றுக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

2012-இல் ரைஸ் வழியை மாற்றியது. ஓபன்ஸ்டாக்ஸ் என்ற பெயரில், அதிக மாணவர்கள் சேரும் முதலாண்டுப் பாடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, முறையான மதிப்பாய்வும் அட்டையும் வண்ணப் படங்களும் கொண்ட புத்தகங்களாகவே போட ஆரம்பித்தது. முதலில் வந்தவை இயற்பியலும் சமூகவியலும். பணம் ஹியூலெட், கேட்ஸ் போன்ற அறக்கட்டளைகளிலிருந்து வந்தது. மேக்ஸ்ஃபீல்டும் அதில் உண்டு. அட்டையைக் கழற்றப் புறப்பட்டவர்களே அட்டையை மறுபடி ஒட்டினார்கள். இதைத் தோல்வி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஆசிரியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை நேரில் பார்த்து எடுத்த முடிவு இது. 2013 செப்டம்பரில் நம் புத்தகம் ‘இன்ட்ரொடக்டரி ஸ்டாடிஸ்டிக்ஸ்’ என்ற புதுப் பெயரோடு அங்கே வெளிவந்தது. அத்தியாயங்கள் அதே பதின்மூன்று. பந்தயச் சுற்று நேரங்களும் கூடவே வந்தன.

இனி முக்கியமான கேள்வி. புத்தகம் இலவசமானதால் மாணவர் கூடுதலாகக் கற்றாரா?

2018-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 21,822 மாணவர்களின் மதிப்பெண்களை வைத்துச் செய்த ஆய்வு, இலவசப் புத்தகத்துக்கு மாறிய வகுப்புகளில் தோல்வியும் பாதியில் விலகலும் குறைந்ததாகச் சொன்னது. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை பெறுபவர்களிடம் பலன் இன்னும் கூடுதல். இந்த ஆய்வைத்தான் ஆதரவாளர்கள் போகுமிடமெல்லாம் காட்டுகிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. புத்தகத்தை மாற்றும் ஆசிரியர் அந்தக் கையோடு பாடத்திட்டத்தையும் தேர்வையும் தூசி தட்டுவார். பலன் புத்தகத்தால் வந்ததா, தூசி தட்டியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். அடுத்த ஆண்டில் வர்ஜீனியா கிளின்டனும் ஷஃபிக் கானும் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் மாணவர்கள். மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. பாதியில் விலகுவோர் மட்டும் குறைவு என்பது முடிவு. எதிர்ப்பாளர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள்: இவ்வளவு பாடுபட்டும் மார்க் ஏறவில்லையே என்று.

இந்த வழக்கைத் தீர்க்க நம் புத்தகத்தின் பத்தாம் அத்தியாயமே போதும். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடுவது எப்படி என்று சொல்லும் அத்தியாயம் அது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்; எண்கள் என் கற்பனை. நூறு பேரில் 85 பேர் எப்பாடுபட்டாவது புத்தகம் வாங்கிவிடுகிறார்கள். 15 பேர் வாங்காமலே ஒப்பேற்றுகிறார்கள். புத்தகம் இலவசமானால் அந்த 85 பேருக்குப் பர்ஸில் காசு மிஞ்சும், அறிவில் மாற்றம் இருக்காது. அதே மாதிரிப் புத்தகத்தைத்தான் முன்பும் படித்தார்கள். மீதி 15 பேருக்கு ஆளுக்குப் பத்து மார்க் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவருக்குப் பத்து மார்க் என்பது அரியருக்கும் பாஸுக்கும் நடுவிலுள்ள தூரம். ஆனால் வகுப்பின் சராசரி ஒன்றரை மார்க்தான் ஏறும். மார்க்குகளின் திட்ட விலக்கம் 15 என்றால், அந்த ஒன்றரையை நம்பகமாகக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 1,600 மாணவர்கள் தேவை. நாற்பது பேர் வகுப்பை நாற்பது பேர் வகுப்போடு ஒப்பிட்டால் ‘வித்தியாசம் இல்லை’ என்றுதான் வரும். ஆய்வு பொய் சொல்லவில்லை. தேட வேண்டியவரை விட்டுவிட்டுச் சராசரியைத் தேடுகிறது.

இதே வாதத்தை 2019-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை விரிவாக வைத்தது. எழுதியவர்களில் ஒருவர் பரானியுக். தன் தரப்பு என்பதால் சலுகை காட்டாமல், தன் புத்தகங்களால் எல்லாருக்கும் மார்க் ஏறும் என்று எதிர்பார்ப்பது தவறு என்று சொல்லும் கட்டுரை அது. திறந்த பாடநூல் பற்றி நான் படித்ததில் நேர்மையான பக்கங்கள் அவை.

ஆக, கற்றல் பலன் முழுவதும் அந்தப் பதினைந்து பேரிடம்தான் இருக்கிறது. அவர்களுக்காக மட்டும் ஒரு புத்தகத்தை மாற்றலாமா என்றால், மாற்றலாம் என்பேன். ஆனால் மாற்றும்போது வரும் செலவு காணாமல் போவதில்லை, இன்னொருவர் தலையில் ஏறுகிறது. அது யார் தலை என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில், வீட்டுப்பாடம். வணிகப் பதிப்பகங்கள் 2010-களில் புத்தகத்தைக் காட்டிலும் வீட்டுப்பாடத் தளத்துக்கான கடவுக் குறியீட்டை விற்பதில் கருத்தாக இருந்தன. கணக்கைத் தானே திருத்தி மார்க் போடும் தளம். 120 பேருக்குத் தனியாளாகத் திருத்த வேண்டிய ஆசிரியருக்கு அது வரம். குறியீடு ஒருமுறைதான் செல்லும், பழைய புத்தகம் போல அடுத்தவருக்கு விற்க முடியாது. எனவே நூல் இலவசமானாலும் குறியீட்டை வாங்காமல் வீட்டுப்பாடம் சமர்ப்பிக்க முடியாது என்ற நிலை பல வகுப்புகளில் வந்தது. வாஷிங்டன் மாநிலத்துச் சமுதாயக் கல்லூரி ஆசிரியர் டேவிட் லிப்மன் உருவாக்கிய மைஓபன்மேத் இல்லாவிட்டால் நம் புத்தகம் பாதி ஊனத்தோடுதான் நடந்திருக்கும். அந்தத் தளமும் இலவசம், நம் புத்தகத்துக்கான கணக்குகளும் அதில் உண்டு. ஒரு பேராசிரியரின் ஆர்வத்தில் ஆரம்பித்த தளத்தின் மேல் இத்தனை வகுப்புகளின் பாரம் என்பதை நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

பதிப்பகங்களும் சும்மா இருக்கவில்லை. விற்கவும் செய்யலாம் என்றுதானே உரிமம் சொல்கிறது? 2017-இல் செங்கேஜ் நிறுவனம், திறந்த பாடங்களை எடுத்து, தன் தேர்வுகளையும் பயிற்சிகளையும் சேர்த்து, மாணவருக்கு 25 டாலரிலிருந்து என்று விற்கத் தொடங்கியது. இதைத் திருட்டு என்று சிலர் கொதித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நூறுக்கு மேல் விற்றவர்களை இருபத்தைந்துக்கு இறக்கியது இந்தப் புத்தகங்கள் போட்ட பயம்தான்.

அடுத்து, உழைப்புக் கூலி. இலோவ்ஸ்கி–டீன் புத்தகத்துக்கு ஒரு செல்வந்தரின் அறக்கட்டளை விலை கொடுத்தது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு மேக்ஸ்ஃபீல்ட் வாய்க்க மாட்டார். கலிஃபோர்னியா அரசு புத்தகச் செலவே இல்லாத பட்டப்படிப்புகளுக்காக 2016-இல் 50 லட்சம் டாலரும், 2021-இல் 11.5 கோடி டாலரும் ஒதுக்கியது. அரசுப் பணம் வந்த இடங்களில் ஆசிரியரின் நேரத்துக்குக் கொஞ்சமாவது ஈடு கிடைத்தது. வராத இடங்களில் கோடை விடுமுறையை விட்டுக்கொடுத்தவர்கள் ஆசிரியர்களே. மாணவரின் நூறு டாலர் மிச்சமானதைக் கல்லூரிகள் விளம்பரத்தில் போடுகின்றன. கௌரவ விரிவுரையாளரின் கோடை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மூன்றாவது, எல்லை. ஓபன்ஸ்டாக்ஸின் புத்தகங்கள் கூட்டம் சேரும் பாடங்களுக்குத்தான். மூன்றாம் ஆண்டில் பத்துப் பேர் எடுக்கும் ஒரு சிறப்புத் தாளுக்கு எந்த அறக்கட்டளையும் பணம் தராது. அங்கே இப்போதும் பழைய கதைதான்.

பதில்கள் இணையத்தில் கசிகின்றனவே என்றும் ஒரு புகார். வணிகப் பாடநூல்களின் பதில்களும் கசிகின்றன. அதை விடுவோம்.

நிலைத்திருக்குமா என்ற கேள்விதான் பலரை யோசிக்க வைக்கிறது. ஃபிளாட் வேர்ல்ட் என்ற பதிப்பகம் இணையத்தில் இலவசம், அச்சில் விலை என்று தொடங்கி, 2013 ஜனவரி முதல் இலவசத்தை நிறுத்தியது. ஆனால் ஒருமுறை கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. பழைய பிரதிகள் வேறு தளங்களில் ஏறி இன்றும் உலவுகின்றன. நம் புத்தகத்துக்கும் வீடு பறிபோனது. 2022-இல் கனெக்ஷன்ஸ் களஞ்சியத்தை ரைஸ் மூடியது. உலகெங்கும் ஆசிரியர்கள் சேர்த்து வைத்திருந்த அலகுகள் இன்டர்நெட் ஆர்கைவுக்குப் போயின. அங்கே படிக்கலாம், திருத்த முடியாது. யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று தொடங்கிய ஓர் இடம் அருங்காட்சியகமாகிவிட்டது. இந்த இழப்பைப் பற்றி ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

புத்தகம் மட்டும் அதற்குள் பல ஊர்களில் வேர் பிடித்துவிட்டது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் ஹோம்ஸ் அதை வணிக மாணவர்களுக்காக மாற்றி எழுதினார். மூலத்தில் பன்னிரண்டாவதாக இருந்த தொடர்புப் போக்குக் கணக்கை எடுத்துக் கடைசிக்குத் தள்ளினார், வணிக மாணவர் படிப்பை முடிக்கும்போது கையில் அது இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. 2017-இல் ஓபன்ஸ்டாக்ஸ் அதைத் தனிப் புத்தகமாகவே போட்டது. அட்டையில் மூன்று பெயர்கள். டெக்சாஸ் மாநிலக் கல்வித் துறை மூலப் புத்தகத்தைப் பள்ளி மாணவர்களுக்காக இறக்கி எழுத வைத்தது. கலிஃபோர்னியாவில் டெல்மர் லார்சன் தொடங்கிய லிப்ரேடெக்ஸ்ட்ஸ் தளத்தில் அதன் பிரதி இருக்கிறது. மற்ற ஆசிரியர்கள் தங்கள் தொகுப்புகளுக்கு அதிலிருந்து பக்கங்களை எடுக்கிறார்கள். பரானியுக்கின் பழைய கனவு அவர் வீட்டில் மூடப்பட்டு, அடுத்த வீட்டில் நடக்கிறது. 2022-இல் புத்தகம் ஸ்பானிய மொழியிலும் வந்தது.

2023 டிசம்பரில் இரண்டாம் பதிப்பு வெளியானது. முதல் பதிப்புக்கும் இதற்கும் பத்து வருட இடைவெளி. வணிகப் பதிப்பகம் இந்தக் காலத்தில் மூன்று பதிப்பாவது தள்ளியிருக்கும். உதாரணங்கள் பழசாகிவிட்டன என்று குறைபட்டவர்கள் காத்திருந்தது அத்தனை வருடம். மறுபுறம், 2013-இல் யாராவது இதை அச்சில் வாங்கியிருந்தால் அந்தப் பிரதி பத்து வருடமும் தம்பிக்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்று கைமாறி ஓடியிருக்கும்.